நந்தன் கதைக்குள் வேதியர் வந்தது எப்படி?

நந்தனார் கதையைக் கேட்டவர்களுக்கு இரண்டு முகங்கள் மறக்காது. ஒன்று, சிதம்பரம் போக வேண்டும் என்று உருகும் பண்ணையாள் நந்தன். இன்னொன்று, அவனைப் போக விடாமல் தடுக்கும் பண்ணையார் வேதியர். நாற்பது வேலி நிலத்தையும் உழுது நட்டு அறுத்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வேதியர் கட்டளை போடுவதும், இரவோடு இரவாகச் சிவகணங்கள் அந்த வேலையை முடித்து வைப்பதும், காலையில் விளைந்து கிடக்கும் வயலைப் பார்த்த வேதியர் தன் பண்ணையாளின் காலிலேயே விழுவதும் தமிழ் மேடையிலும் சினிமாவிலும் மிகவும் புகழ்பெற்ற காட்சிகள்.

ஆனால் ஒரு சுவாரஸ்யமான விஷயம்: பெரிய புராணத்தில் இந்த வேதியரே கிடையாது! நாற்பது வேலி நிலமும் கிடையாது, காலில் விழும் காட்சியும் கிடையாது. கதையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்ட இந்தத் துணைப் பாத்திரம் சேக்கிழாருக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு இசைப்புலவரால் உருவாக்கப்பட்டது. அவர் ஏன் அதைச் செய்தார், அந்த வேடத்தைச் சினிமாவில் யார் நடித்தார்கள், அதனால் நந்தன் கதைக்குக் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

திருநாவலூரில் பிறந்த ஒரு தொடர்

நந்தன் கதையின் மிகப் பழைய வேர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு தொடர்புடையது. களமருதூர் இருக்கும் அதே உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில்தான் திருநாவலூர் இருக்கிறது. (2019 நவம்பரில் புதிய மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்பு தென்னார்க்காடு.) தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர் அது. சடையனார், இசைஞானியார் என்ற ஆதிசைவத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளையை, திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்கமுனையரையர் தன் மகனைப் போல வளர்த்தார் என்பது புராணம். அவருடைய காலத்தை எட்டாம் நூற்றாண்டு என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அவர் பாடியவற்றில் நமக்குக் கிடைத்திருப்பவை 100 பதிகங்கள். அவை ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டன.

அந்தப் பதிகங்களில் ஒன்று திருத்தொண்டத் தொகை. திருவாரூரில் பாடப்பட்ட இதில் மொத்தம் 11 பாடல்கள்தான். சிவனடியார்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவருக்கும் நான் அடியவன், அவருக்கும் நான் அடியவன் என்று சுந்தரர் பாடிக்கொண்டே போகிறார். அந்த வரிசையில் திருநாளைப்போவார் என்ற பெயரும் வருகிறது. ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் நந்தனுக்கு வந்த பெயர் அது. அவ்வளவுதான். அவர் ஊர் என்ன, தொழில் என்ன, தீயில் இறங்கினாரா என்ற எந்தச் செய்தியும் அங்கே இல்லை. பெயரும், அதற்கு முன்னால் ஒரு பாராட்டுச் சொல்லும் மட்டுமே இருக்கின்றன.

ஒரு பெயர் 37 பாடல்கள் ஆனது

சுந்தரருக்குப் பின் நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒவ்வொரு அடியாருக்கும் சிறு குறிப்பு கொடுத்தார். அதன் பிறகு 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெரிய புராணத்தைப் பாடினார். திருநாளைப்போவார் புராணம் அதில் 37 பாடல்கள்.

சேக்கிழார் காட்டும் நந்தன் கொள்ளிடக் கரையில் உள்ள ஆதனூரில் பிறந்தவர். ஊருக்கு வெளியே இருக்கும் புலைப்பாடியில் வாழ்கிறார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் செய்யும் தொண்டு. அவர் கொடுத்த தோலில் கட்டிய முரசு கோயிலுக்குள் ஒலிக்கும், அவர் கொடுத்த நரம்பு உள்ளே இசைக்கும், ஆனால் அவர் வெளியே நிற்க வேண்டும்! இந்த முரண்பாட்டைச் சேக்கிழார் வாதம் செய்து சொல்லவில்லை. தொழிலை வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். படிப்பவர்களுக்கு அதுவே போதும்.

திருப்புன்கூரில் நந்தி விலகி வழி விடுகிறது. பிறகு தில்லைக்குப் போகும் ஆசை. இங்கே அவரைத் தடுப்பது எந்தப் பண்ணையாரும் இல்லை. தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்குகிறார். தில்லை எல்லை வரை போனவர் உள்ளே நுழைய அஞ்சி ஊரையே சுற்றிச் சுற்றி வருகிறார். கடைசியில் இறைவன் கனவில் வந்து சொன்னபடி, தில்லைவாழ் அந்தணர்கள் தீ மூட்ட, அதில் மூழ்கி முனிவர் வடிவத்தோடு எழுந்து கோயிலுக்குள் சென்று மறைகிறார்.

அதாவது சேக்கிழாரின் கதையில் வில்லன் என்று தனியாக ஒருவர் இல்லை. தடையாக நிற்பது ஒரு முழு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நந்தனும் தன் மனதுக்குள் சுமந்துகொண்டிருக்கிறார்.

கோபாலகிருஷ்ண பாரதியார் செய்த மாற்றம்

19-ஆம் நூற்றாண்டு. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள நரிமணத்தில் பிறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். திருமணம் செய்துகொள்ளாமல், முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் என்று காவிரிப் பாசன ஊர்களிலேயே வாழ்ந்தவர். உ.வே.சாமிநாதையர் மாயூரத்தில் மாணவராக இருந்தபோது இவரிடம் சில காலம் இசை கற்றிருக்கிறார். பிற்காலத்தில் இவருடைய வரலாற்றையும் எழுதினார்.

பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றினார். 1860-களின் தொடக்கத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலின் அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அது அச்சேறியது. இதில்தான் வேதியர் முதன்முதலாகக் கதையின் நடுவில் வந்து உட்காருகிறார். அவருக்குச் சொந்தப் பெயர் கூடக் கிடையாது. வெறும் ‘வேதியர்’ தான். நந்தன் அவரிடம் வேலை செய்யும் பண்ணையாள்.

இந்த மாற்றம் சிறியதல்ல. சேக்கிழாரிடம் நந்தனின் பிரச்சினை ‘உள்ளே போகலாமா?’ என்பது. பாரதியாரிடம் அதற்கு முன்பே இன்னொரு பிரச்சினை வந்துவிடுகிறது: ‘வேலையை விட்டுப் போக முடியுமா?’ ஒருநாள் லீவு கிடைக்காத கூலியாளின் கதையாக நந்தன் கதை மாறிவிடுகிறது. நாற்பது வேலி என்பது சுமார் 265 ஏக்கர். கீழத்தஞ்சைப் பண்ணைகளைப் பார்த்து வாழ்ந்த ஒருவருக்குத்தான் இந்தத் தடை தோன்றும். கோயில் கதவுக்கு முன்னால் வயல் வரப்பு நிற்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

புலவர்கள் எல்லோரும் இதை உடனே வரவேற்கவில்லை. அக்காலத்தின் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெரிய புராணத்தில் ஊறியவர். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பாரதியார் அவரிடம் பலமுறை நடந்தார். மூலக்கதையிலிருந்து விலகியிருப்பதும், பாட்டில் இலக்கணப் பிழைகள் இருப்பதும் பிள்ளைக்கு உறுத்தல். அதனால் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பாரதியார் பாடியதைக் கேட்டு மனம் உருகித்தான் பாயிரம் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். புராணப்படி தவறான கதை, இசையால் சரியான கதை ஆகிவிட்டது!

ஒரே ஆள் செய்த இரண்டு வேடங்கள்

நந்தனார் சரித்திரம் முதலில் பரவியது கதாகாலட்சேபம் வழியாக. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். காலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே நந்தனாகக் கெஞ்சுவார், அடுத்த நொடி அவரே வேதியராக அதட்டுவார். ஒரே குரல், ஒரே உடம்பு. கேட்பவர்களுக்கு அது பாட்டாகவே இருக்கும். யார் யார் காலில் விழுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது.

நாடகமும் சினிமாவும் வந்தபோதுதான் அந்த இரண்டு பாத்திரங்களும் இரண்டு மனிதர்கள் ஆனார்கள். உடனே ஒரு புதுக் கேள்வி எழுந்தது. வேதியர் வேடத்தில் யார்?

1935: சங்கீத வித்வான் வேதியர் ஆனார்

கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் 1933-ல் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பாவை இழந்த பிறகு மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். அவரை நந்தனாராக நடிக்க வைக்கப் படத் தயாரிப்பாளர்கள் முயன்றார்கள். தொல்லை விட்டால் போதும் என்று அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்க, அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பது தமிழ் சினிமாவின் பிரபலமான கதைகளில் ஒன்று. 1935-ல் வெளிவந்தது ‘பக்த நந்தனார்’. ஒரு பெண், ஆண் வேடத்தில்.

வேதியராக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்ல. மகாராஜபுரம் விசுவநாதய்யர் என்ற முன்னணிக் கர்நாடக சங்கீத வித்வான். இவருடைய குரு உமையாள்புரம் சுவாமிநாதய்யர், தியாகராஜரின் சிஷ்ய பரம்பரையைச் சேர்ந்தவர். 1945-ல் சங்கீத கலாநிதி விருது பெற்றவரும் இதே விசுவநாதய்யர்தான். கச்சேரி மேடையில் நடுவில் உட்காருபவர், படத்தில் இரண்டாவது இடத்தில் நின்றார்.

படத்தைப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடவில்லை. கல்கி தன் விமர்சனத்தில், படத்தில் பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்தன என்ற தொனியில் கிண்டல் செய்தது இன்றுவரை பேசப்படுகிறது. துணை நடிகர்களுக்குக் கிடைத்த மிக வினோதமான பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்!

ஆனால் அந்தக் காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1932-ல் பூனா ஒப்பந்தம். 1934-ன் தொடக்கத்தில் காந்தியின் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1936 நவம்பரில்தான் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1935-ல் சென்னை மாகாணக் கோயில்களின் கதவு இன்னும் மூடியே இருந்தது. அந்த நேரத்தில் திரையில் ஒரு நிஜ பிராமண வித்வான், பிராமணர் அல்லாத ஒரு பெண்ணின் முன்னால் விழுந்து வணங்கினார்.

1942: மறுபடியும் அதே காட்சி

ஏழு ஆண்டுகள் கழித்து எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி நிறுவனம் இதே கதையை ‘நந்தனார்’ என்று எடுத்தது. நந்தன், எம்.எம்.தண்டபாணி தேசிகர். ஓதுவார் மரபிலிருந்து வந்தவர். தேவாரக் குரல் என்றால் அவர்தான் என்று சொல்லும்படி இருந்தவர். பாரதியாரின் பாடல்களோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் பாடல்களும் இதில் சேர்ந்தன.

வேதியர், செருகளத்தூர் சாமா. 1937-ல் எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’யில் கம்பராக வந்தவர் இவர். கதாநாயகன் பாடும்போது எதிரில் நின்று கதையைத் தாங்குவதே இவர் வேலையாக இருந்தது. தேசிகர் காலில் சாமா விழும் காட்சி சலசலப்பை உண்டாக்கியதாகச் சினிமா வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கதையில் வேதியர் நந்தன் காலில் விழுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு ரசித்தவர்களில் சிலருக்கே, அதைக் கண்ணால் பார்ப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில்தான், 1939 ஜூலை 8 அன்று, அ.வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர்களும் ஒரு நாடாரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்திருந்தார்கள். கோயில் நுழைவைச் சென்னை மாகாணம் முழுவதற்குமான உரிமையாக்கிய சட்டம் 1947-ல் வந்தது. நந்தனைத் தடுத்துவிட்டுப் பின் வணங்கும் வேதியர் வேடம், அந்த ஆண்டுகளில் பார்வையாளர்களில் ஒரு பகுதியினருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாக இருந்தது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான்

இசைமேதைகளைப் பற்றிய கதைகளில் துணைப் பாத்திரம் மேலே வருவது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரைப் பற்றி 1983-ல் டோனி பால்மர் இயக்கிய தொலைக்காட்சித் தொடரில் வாக்னராக நடித்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். ஆனால் அந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள், பவேரிய அமைச்சர்களாக வரும் மூன்று துணை நடிகர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். காரணம் அந்த மூவர்: லாரன்ஸ் ஒலிவியே, ஜான் கீல்குட், ரால்ஃப் ரிச்சர்ட்சன். பிரிட்டிஷ் மேடையின் மூன்று ஜாம்பவான்கள்.

இன்னும் பொருத்தமான உதாரணம் மோட்சார்ட். அவர் மரணத்துக்கு சக இசையமைப்பாளர் சாலியேரிதான் காரணம் என்று ஒரு வதந்தி. அதை வைத்து 1830-ல் புஷ்கின் ஒரு சிறு நாடகம் எழுதினார். 1979-ல் பீட்டர் ஷாஃபர் ‘அமதேயஸ்’ நாடகம் எழுதினார். 1984-ல் அது சினிமா ஆனபோது சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது மோட்சார்ட்டாக நடித்தவருக்கு அல்ல, சாலியேரியாக நடித்த எஃப்.முர்ரே ஆபிரகாமுக்கு! நிஜ வாழ்க்கையில் சாலியேரி, மோட்சார்ட்டின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் கதைக்கு ஒரு எதிராளி தேவைப்பட்டது.

தியாகராஜர் கதையிலும் இதே போல ஒரு அண்ணன் வருகிறார். ராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்தவர் என்று காலட்சேபங்களிலும் படங்களிலும் அவருக்குத்தான் கெட்ட பெயர். ஒரு இசைமேதை வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டு கட்டுவதை மட்டும் எவ்வளவு நேரம் காட்ட முடியும்? யாராவது வந்து தடுத்தால்தான் பாட்டுக்கு வேகம் வருகிறது.

வேதியரால் வந்த லாபமும் நஷ்டமும்

லாபம் என்ன என்று முன்பே பார்த்தோம். நிலமும் கூலியும் கதைக்குள் வந்தன. பக்தனைத் தடுப்பது வெறும் சாஸ்திரம் அல்ல, அதற்குப் பின்னால் ஒரு பண்ணையும் இருக்கிறது என்று காட்டியது வேதியர் பாத்திரம்தான்.

நஷ்டமும் அங்கேயே இருக்கிறது. ஒரு முழு ஏற்பாட்டின் குற்றம் ஒரு மனிதர் தலையில் ஏற்றப்பட்டது. அவர் திருந்தினால் எல்லாம் திருந்திவிட்டது போல ஆகிறது. வேதியர் காலில் விழுந்ததும் பார்வையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகும் நந்தன் தீயில் இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது! பண்ணையாரின் மனம் மாறியது. கோயில் வாசலின் விதி மாறவில்லை. அறுவடையைச் செய்ததும் சிவகணங்கள்தான். கூலி உயர்ந்ததா, அடுத்த வருடம் அந்த வயலில் யார் வேலை செய்தார்கள் என்று கதை சொல்வதில்லை.

இந்த இடைவெளியைப் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபம் 1949-ல் ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்றது. அதில் கிந்தன் போக ஆசைப்படுவது சிதம்பரத்துக்கு அல்ல, பட்டணத்துக்கு. சாமி பார்க்க அல்ல, படிக்க. அவன் தீயில் இறங்கத் தேவையில்லை, ரயில் ஏறினால் போதும்.

பிறகு நடந்தது கதை அல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். பாரதியார் பிறந்த அதே நாகப்பட்டினம் பகுதி. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். காலில் விழ எந்த வேதியரும் வரவில்லை. இந்தச் சம்பவத்தை வைத்து ‘குருதிப்புனல்’ நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதியே பின்னர் ‘நந்தன் கதை’ நாடகத்தையும் எழுதினார். நந்தனின் தீயை அதற்கு மேல் பழைய மாதிரி அற்புதமாக மட்டும் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மறுபடியும் திருநாவலூர்

கடைசியாக ஒரு விஷயம். சுந்தரரின் சொந்தக் கதையிலும் ஒரு மறக்க முடியாத துணைப் பாத்திரம் உண்டு. புத்தூரில் அவருக்குக் கல்யாணம் நடக்கப் போகும் நேரத்தில், கையில் ஓலையோடு ஒரு கிழவர் வருகிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்கிறார். பையனுக்குக் கோபம் வருகிறது, பித்தன் என்று திட்டுகிறான். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. கல்யாணம் நின்றுவிடுகிறது. கிழவர் சிவபெருமான் என்று அதன் பிறகுதான் தெரிகிறது.

பிராமணன் எப்படி இன்னொருவருக்கு அடிமை ஆக முடியும் என்று வாதாடியவர் அந்தப் பையன். அதே மனிதர்தான் பின்னாளில் திருவாரூரில் உட்கார்ந்து, புலைப்பாடியில் வாழ்ந்த திருநாளைப்போவாருக்கும் நான் அடியவன் என்று பாடினார்.

ஆக, 1935-லும் 1942-லும் திரையில் பார்த்தபோது சிலருக்குச் சங்கடமாக இருந்த அந்தக் காட்சி புதிதே அல்ல. வேதியர் நந்தனை வணங்குவது கோபாலகிருஷ்ண பாரதியாரின் கற்பனையில் தொடங்கவில்லை. நந்தனைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் குறிப்பிலேயே அது இருக்கிறது. எந்த அற்புதத்தையும் பார்க்காமல், விளைந்த வயலையும் பார்க்காமல், ஒரு ஆதிசைவர் நந்தனை வணங்கிவிட்டார். அதற்குப் பின் வந்தவர்களுக்குத்தான் நாற்பது வேலி நெல் தேவைப்பட்டது.